நாமக்கல் வீட்டில் ஒரு நில அதிர்வுமானி: ஆறு வருட அனுபவம்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி என் நில அதிர்வுமானியின் கம்பி அறுந்துவிட்டது. ஆறு வருடம் தாங்கிய வீணைக் கம்பி. தூணில் கட்டிய முடிச்சுக்குப் பக்கத்தில் துரு ஏறி, சரியாக அந்த இடத்தில் விட்டிருக்கிறது. காலையில் அறையைத் திறந்தால் இரண்டரைக் கிலோ ஈயக் கட்டி தரையில் கிடக்கிறது, கம்பி சுற்றிய காயிலின் (coil) சட்டத்தில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. கம்பி மாற்ற அரை மணி நேரம் போதும். கருவியை மறுபடி நேராக நிறுத்த மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளின் நடுவில்தான் ஈரோட்டு நண்பன் கூப்பிட்டு, "மாப்ள, நானும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். உன்னுது எப்படி ஓடுது?" என்று கேட்டான். போனில் அவனுக்குச் சொன்ன பதிலில் கோபம் இருந்தது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

இது லேமன் வகை. 1979-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்தபின் உலகம் முழுக்கப் பலர் வீட்டில் செய்துபார்த்த அதே கிடை ஊசல்தான். எடை கட்டிய ஒரு தண்டு, தூணிலிருந்து வரும் கம்பி தாங்க, கிடையாக நின்று கதவைப்போல் பக்கவாட்டில் ஆடும். அந்தத் தண்டைத்தான் 'கை' என்கிறேன். வீட்டுக் கேட்டின் தூண் லேசாகச் சாய்ந்திருந்தால் கேட் தானாக ஒரு இடத்துக்கு வந்து நிற்கும், இல்லையா? அதே கதைதான். சாய்வு குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும். என்னுடையது ஒரு முறை போய்வர 20 வினாடி எடுத்துக்கொள்கிறது. செய்முறையை விவரிக்கப் போவதில்லை, அது எங்கும் கிடைக்கும். பொருள்களை மட்டும் சொல்கிறேன். தூணும் அடித்தட்டும் லாரி பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய இரும்பு. காந்தங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றியவை. ஆட்டத்தை அடக்கும் செம்புத் தகடு, எர்த்திங் பிளேட்டில் வெட்டிய துண்டு. காயிலை டிரில் மெஷினில் மாட்டி நானே சுற்றினேன். கை ஆடும்போது காந்தத்தால் காயிலில் வரும் மின்சாரம்தான் கணினித் திரையில் கோடாக ஓடும். மொத்தம் 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தப் பணத்துக்கு இது செய்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை முழுக்க ஒரே இடத்தில்தான். அடித்தட்டின் இடது மூலையை ஏற்றி இறக்கும் எட்டு எம்எம் போல்ட்.

20 வினாடி ஆட்டம் வேண்டுமென்றால் ஊசலின் சுழல் அச்சு அரை டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் கருவி பக்கவாட்டுச் சாய்வை நூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். 60 சென்டிமீட்டர் அகல அடித்தட்டில் ஒரு பக்கம் தலைமுடி தடிமன் உயர்ந்தால் போதும், 80 சென்டிமீட்டர் கையின் முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கை எல்லை மீறாமல் நிறுத்தும் தடுப்புக்கும் கைக்கும் நடுவில் என்னிடம் இருப்பதே இரண்டு சென்டிமீட்டர். அந்த போல்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஏறும். அதாவது எனக்கு வேண்டிய திருத்தம், ஒரு சுற்றில் இருபதில் ஒரு பங்கு. ஸ்பேனரைப் பிடித்து மூச்சை அடக்கி லேசாகத் தள்ளினால் முதலில் அசையாது, அப்புறம் 'டக்' என்று ஒரேயடியாகப் போகும்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. திருகக் குனியும் என் எடையே தரையைச் சாய்க்கிறது. சிமென்ட் தரைதான், கீழே பாறைதான். இருந்தும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கை என் பக்கம் மெதுவாக வருகிறது. நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனால் அது வேறெங்கோ போய் நிற்கிறது. முதல் வருடம் இதற்கே எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது! இரண்டாவது வருடம் போல்ட் தலையில் ஒன்றரை மீட்டர் நீளக் கம்பியை வெல்டிங் வைத்து, அதன் நுனியை வாசற்படிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். இப்போது அறைக்குள் போகாமலே திருகலாம், நீளக் கம்பி என்பதால் நுண்ணிய அசைவும் கைக்கு வருகிறது. இதைச் செய்யப் போகிறவர்கள் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கருவியை மூடியிருக்கும் பெட்டிக்குள் மேல் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். சூடான காற்று மேலேயே தங்கி, உள்ளே காற்று சுழல்வது நின்றுவிடும். இந்த ஒரு பல்பால் என் கோடு பாதி சுத்தமானது.

ஆனால் வெயிலுக்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அறையின் மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் காய்கிறது, தரை சாய்கிறது, கை இடது பக்கம் நகர்கிறது. ராத்திரி பாதி திரும்பி வரும். மீதி அப்படியே சேர்ந்துகொண்டே போகும். மழை பெய்தால் எதிர்ப்பக்கம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை திருத்தியே ஆக வேண்டும். மறந்தால் கை தடுப்பில் சாய்ந்து படுத்துவிடும், கணினியில் கோடு மட்டும் அமைதியாக, அழகாக ஓடிக்கொண்டிருக்கும்.

2025 ஜூலை 30 அப்படித்தான் போனது. ரஷ்யாவின் கம்சட்காவில் நிலநடுக்கம், 8.8 அளவு, நம் நேரம் விடியற்காலை 4:54. வாழ்நாளில் அந்த அளவு இன்னொன்று வருமா தெரியாது. பூமியின் பாதிச் சுற்றளவில் பாதித் தூரம்கூட இல்லை, பன்னிரண்டே நிமிடத்தில் முதல் அலை என் வீட்டுத் தரைக்கடியில் போயிருக்கிறது. நான் ஏழு மணிக்குப் பார்த்தபோது நேர்கோடு. கை தடுப்பில் சாய்ந்திருந்தது. முந்தின நாள் மாலை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 6. காலை காப்பியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 6:56-க்குக் கோட்டில் ஒரு சின்னச் சிலிர்ப்பு. கிடை ஊசலில் முதல் அலையான பி அலை மெலிதாகத்தான் தெரியும், லாரி போகிறது என்றே நினைத்தேன். லாரி என்றால் நிமிடத்தில் அடங்கும், இது அடங்கவில்லை. ஆறரை நிமிடம் கழித்து, மெதுவாக வரும் இரண்டாவது அலையான எஸ் அலை வந்தது, கோடு இரண்டு பக்கமும் விரிந்தது. இரண்டு அலைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை, தூரம் சொல்லும் அட்டவணையில் பார்த்தால் சுமார் 5,000 கிலோமீட்டர். ஒரே கருவி என்பதால் தூரம் தெரியும், திசை தெரியாது. மகளுடைய உலக உருண்டையில் நாமக்கல்லில் நூலின் ஒரு நுனியைப் பிடித்துச் சுற்றினேன். ஒரு பக்கம் துருக்கி, இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸ். செய்தி வந்தபோது துருக்கி. அதற்குள் மேற்பரப்பு அலைகள் வந்துவிட்டன. கையின் முனை கண்ணுக்குத் தெரியும்படி போய்ப் போய் வந்தது. சத்தமில்லை, வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. அங்கே எத்தனை வீடுகள் இடிந்துகொண்டிருந்தன என்று அப்போது தெரியாது. மத்தியானம் 3:54-க்கு அங்கே இரண்டாவது, 7.5. அதன் அலைகள் வந்து கோடு மறுபடி விரிந்தபோது நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

எதிர்பார்க்காமல் கிடைத்தது கடல். நாமக்கல் கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. ஆனால் எந்த நிலநடுக்கமும் இல்லாத நாளிலும் கோட்டில் ஐந்தாறு வினாடிக்கு ஒன்றாக ஒரு மெல்லிய நெளிவு ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் வயரிங் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அது கடல். எதிரெதிர் திசையில் வரும் அலைகள் சந்திக்கும்போது கடலடித் தரை அழுத்தப்படுகிறது, அந்த அழுத்தம் பாறை வழியே இங்கே வரைக்கும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த நெளிவு நாளுக்கு நாள் தடித்தது, புயல் கரை கடந்தபின் மெல்ல மெல்ல மெலிந்தது. கருவி செய்ததற்கு இது ஒன்றே எனக்குப் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கிறது. தொலைதூர நிலநடுக்கம் ஒன்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1889 ஏப்ரல் 17 அன்று, ஜெர்மனியின் போட்ஸ்டாமில். நடுங்கியது ஜப்பான். ஜெர்மன் வானியலாளர் ரெபேர்-பாஷ்விட்ஸ் அங்கே வைத்திருந்ததும் கிடை ஊசல்தான். ஆனால் அவர் நிலநடுக்கத்துக்காக அதை வைக்கவில்லை, தரையின் நுண்ணிய சாய்வை அளக்க வைத்திருந்தார். நான் ஆறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கும் அதே சாய்வைத்தான் அவர் தேடிப் போயிருக்கிறார். போல்ட்டைத் திருகும்போது பல தடவை இது ஞாபகம் வரும். கோபம் கொஞ்சம் இறங்கும், கை அதற்காக நடுவில் நிற்காது.

நண்பனுக்கு என் பதில்: செய்யாதே. உன் வேலையும் பயணமும் எனக்குத் தெரியும், வாரத்தில் மூன்று நாள் நீ ஊரில் இல்லை. ரெடிமேடாக வரும் சின்ன ஜியோஃபோன் (geophone, தரையின் அதிர்வை உணரும் சென்சார்) கருவி ஒன்றை வாங்கி வை. விலை பல மடங்கு, நீண்ட அலைகளை இந்த அளவுக்குப் பிடிக்காது, கடலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனால் நேராக வைத்துவிட்டு ஊருக்குப் போகலாம், திரும்பி வந்து பார்த்தால் பதிவு இருக்கும். கம்சட்கா உனக்குக் கிடைத்திருக்கும்.

அவன் கேட்கமாட்டான் போலிருக்கிறது. நேற்று எர்த்திங் பிளேட்டுக்கு எத்தனை எம்எம் தடிமன் என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். மூன்று எம்எம் என்று பதில் போட்டேன், நீளக் கம்பியை முதலிலேயே வெல்டிங் வைத்துவிடு என்றும் எழுதினேன்.

புதுக் கம்பி இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இன்று காலை முனை நடுவிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இடப்பக்கம். வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை திருத்திவிட வேண்டும்.