கடைக்கோழியா, பாக்கெட் கோழியா, நாட்டுக்கோழியா?

பெங்களூர் அல்சூரில் எங்களுக்குக் கோழிக்கறி வாங்க மூன்று வழி. முனைக்கடையில் கண்ணெதிரே அறுத்துத் தரும் பிராய்லர், ஆப்பில் சொன்னால் வீட்டுக்கு வரும் 'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லாத' பாக்கெட், அப்புறம் 'நாட்டி கோளி' என்று கன்னடப் பலகை மாட்டிய கடை. நாங்கள் இப்போது பாக்கெட் பக்கம் வந்துவிட்டோம். அதன் மேல் ஒட்டியிருக்கும் வாசகம் அதற்குக் காரணமில்லை.

விலையில் கடைக்கோழியை அடிக்க முடியாது. குழம்பு ருசியில் நாட்டுக்கோழியை அடிக்க முடியாது. இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து விஷயம். கறியில் தங்கும் மருந்து எச்சம் ஒரு பிரச்சினை. மருந்துக்கு அடங்காத கிருமி இன்னொரு பிரச்சினை. 2014இல் டெல்லியின் சி.எஸ்.இ. என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு, டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாகச் சொன்னது. பாக்கெட்டின் வாசகம் இந்த முதல் பிரச்சினைக்குத்தான் பதில். அறுப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் எச்சம் வடிந்துவிடும், சோதனையில் கோழி தேறிவிடும். பிராய்லர் வளர்வதே ஐந்தாறு வாரம். முதல் வாரங்களில் தீவனத்திலோ தண்ணீரிலோ கொடுத்த மருந்தில் சாகாமல் தப்பிய ஈ.கோலை என்ற குடல் கிருமி மட்டும் அதன் குடலில் பெருகி அப்படியே இருக்கும். 2017இல் வெளியான பஞ்சாப் ஆய்வில், பல ஆன்டிபயாடிக்குகளை உடைத்துவிடும் நொதி கொண்ட கிருமிகள் முட்டைப் பண்ணைகளைவிடக் கறிக்கோழிப் பண்ணைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டன. ஐ.சி.யூ.வில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுக்க அரசு தடை போட்டதே 2019இல்தான்.

ஆக, எந்தக் கோழி வாங்கினாலும் கிருமி கூட வரலாம் என்றே வைத்துக்கொள்கிறேன். நன்றாகக் கொதித்த குழம்பில் அது பிழைக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் சூட்டைத் தாங்கும் தனி வலிமை கிடையாது. வம்பெல்லாம் கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்னால்தான். என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

முனைக்கடையில் காலையிலிருந்து ஒரே வெட்டுக்கட்டை, ஒரே கத்தி. குடலை உருவிய கையே கறியையும் துண்டு போடுகிறது. ஒரு கோழியின் குடலில் இருந்தது அடுத்த பத்துக் கோழியின் கறிக்கும் போகிறது. அந்தப் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சிங்க்கில் கொட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீர் கழுவல். கழுவுகிற தண்ணீர் தெறித்துப் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லிக் கட்டு, டம்ளர், குழாய்த் திருகு வரை போகும். கறி வேகும், கொத்தமல்லி வேகாது. மஞ்சள் கிருமியைக் கொன்றுவிடும் என்று என் மாமியார் இன்னும் வாதாடுகிறார், அது தனிக் கதை.

பாக்கெட்டில் வருவது துண்டு போட்டு, சுத்தம் செய்து, சீல் வைத்த கறி. கத்தரித்து நேராகச் சட்டியில் கவிழ்க்கலாம். சிங்க் இல்லை, கட்டை இல்லை, கத்தி இல்லை. நான் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான். குளிர்ச்சி குறையாமல் வந்ததா என்று தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதிலும் ஓட்டை உண்டு. பெரிய ஆலைகளில் பல கோழிகளை ஒரே குளிர்நீர்த் தொட்டியில் போட்டால் அங்கேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவலாம். குளிர்சாதனப் பெட்டி கிருமியின் வளர்ச்சியைத் தள்ளிப்போடுமே தவிர, அதைக் கொல்லாது. என் வாதம் என் சமையலறை மட்டத்தில்தான் நிற்கும்.

நாட்டுக்கோழியை நாங்கள் பண்டிகைக்குத்தான் வாங்குவோம், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். கொல்லையில் மேய்ந்து மாதக்கணக்கில் வளர்ந்த கோழிக்கு மருந்து குறைவாகவே போயிருக்கும். ஆனால் பெங்களூரில் அந்தப் பலகைக்குக் கீழே தொங்குவது பல சமயம் ஹெப்பாலில் உருவான கிரிராஜா போன்ற வண்ணக் கலப்பினம்; கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்தது. கிராமத்தில் சித்தப்பா வீட்டுக் கோழி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கே ஓட்டு. கடையில் வாங்குவதாக இருந்தால், அதையும் அதே கட்டையில்தான் வெட்டுவார்கள்.

முனைக்கடையை நாங்கள் மொத்தமாக விட்டுவிடவில்லை. விருந்தாளி வந்து மூன்று கிலோ வேண்டுமென்றால் பாக்கெட் கட்டுப்படியாகாது. அன்று அங்கேதான் போகிறோம். கறியைக் கழுவுவதில்லை, சாலட் நறுக்கும் பலகையைக் கிட்டே விடுவதில்லை, பாத்திரத்தையும் கையையும் சோப்புப் போட்டு முதலில் முடித்துவிட்டுத்தான் வெங்காயத்தைத் தொடுகிறோம்.