ஐஸ் கிளாஸ் கேட்கும் கைக்கடிகாரம்

சார்ஜே போட வேண்டாம், உடம்புச் சூட்டிலும் வெயிலிலும் தானே ஓடும், நாள் முழுக்க நாடித்துடிப்பையும் அளக்கும் என்று போட்டிருந்ததை நம்பித்தான் இந்தக் கைக்கடிகாரத்தை அப்பாவுக்கு வாங்கினேன். ஆன்லைனில் 520 மலேசிய வெள்ளி. பிராண்ட் பெயரை எழுதவில்லை, விற்றவரோடு இன்னும் இழுபறி நடக்கிறது. ஐந்து மாதம் அப்பா கையில் கிடந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் வீட்டில் உட்கார மாட்டார், தெரிந்தவர் ஒருவருடைய செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலத்தில் புல் வெட்டக் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது. போன வருஷம் இரண்டு தடவை தலை சுற்றி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். துடிப்பு அடிக்கடி தாறுமாறாகப் போகிறது, கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்காக முதலில் வாங்கிக் கொடுத்த சாதாரண ஸ்மார்ட் வாட்சுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், அது ஒரே வாரத்தில் சாமி படத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது. சரி, சார்ஜே வேண்டாத ஒன்றை வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

இது ஓடும் விதம் எளிது. கடிகாரத்தின் அடிப்பக்கம் தோலைத் தொடும், மேல்பக்கம் காற்றில் இருக்கும், நடுவில் சின்னச் சின்னக் குறைகடத்தித் துண்டுகள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்றால் மின்சாரம் வரும். 1821-லேயே சீபெக் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த விஷயம்தான், 1998-ல் ஜப்பானின் சீக்கோ கம்பெனி இதே முறையில் ஒரு கைக்கடிகாரம் விற்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மின்சாரம் வருவது சூட்டால் இல்லை, சூட்டு வித்தியாசத்தால். மணிக்கட்டுத் தோல் 32, 33 டிகிரி இருக்கும். ஏர்கோன் அறை 22 என்றால் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் கிடைக்கிறது. எங்கள் ஊரில் மதியம் வெளியே 33. அப்புறம் வித்தியாசத்துக்கு எங்கே போவது? இதில் இன்னொன்று, வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் மின்சாரம் கால்வாசிக்குப் போய்விடும்.

இப்போது எவ்வளவு மின்சாரம் உண்டாகிறது என்று காட்ட முகப்பிலேயே ஒரு முள் வைத்திருக்கிறார்கள். என்னைவிட அப்பாதான் அதை நன்றாகப் படித்தார். விடிகாலையில் குளிர் காற்றில் மோட்டாரில் போகும்போது முள் நன்றாக ஏறும். பேங்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இன்னும் ஏறும். பத்து மணிக்குமேல் செம்பனைக்குள் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். ஒருநாள் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம், அப்பா லீமாவ் ஐஸ் (ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ்) கிளாஸைத் தூக்கிக் கடிகாரத்தின் முகத்தில் ஒட்டினார். முள் ஜிவ்வென்று எகிறியது. எடுத்தார், விழுந்தது. திரும்ப ஒட்டினார். “ஏர்கோன்ல பொறந்த சாமான்டா இது, தம்பி” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

வெயிலில் ஓடும் என்றார்களே என்று கேட்பீர்கள். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கிறது: தினமும் மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் படவேண்டுமாம். திறந்தவெளியில் நடு மதியம் ஒரு லட்சம் லக்ஸ் வரும், அதெல்லாம் சரிதான். ஆனால் செம்பனை மட்டை நிழலில் முழுக்கை சட்டை போட்டுப் புல் வெட்டுகிறவர் கையில் என்ன வெளிச்சம் படும்? சட்டையை மடித்து வெயிலில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். கடிகாரத்தின் மேல்பக்கம் தோலைவிடச் சூடாகி, உடம்புச் சூட்டு மின்சாரம் அடியோடு நின்றுபோனது.

இதனால் நேரம் காட்டுவது நிற்கவில்லை, அதற்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். நாடித்துடிப்பைத்தான் முதலில் நிறுத்துகிறது, ஏனென்றால் தோலுக்குள் பச்சை விளக்கு அடித்துப் பார்க்கத்தான் அதிகம் செலவாகிறது. சேமிப்பு குறைந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கும், இன்னும் குறைந்தால் பார்க்கவே பார்க்காது. நான் இராத்திரி போனில் திறந்து பார்த்தால் காலை எட்டு வரைக்கும் அழகான கோடு, பதினொன்று முதல் மூன்று வரை வெறும் வெள்ளை, மறுபடி சாயங்காலம் கோடு. அப்பா தலை சுற்றி உட்கார்ந்த இரண்டு தடவையும் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எனக்கு வேண்டிய நாலு மணி நேரத்தைத்தான் இது தினமும் விட்டுவிடுகிறது.

ஓடுகிற நேரத்தில் அளவு பரவாயில்லை. உட்கார்ந்திருக்கும்போது வீட்டு பிரஷர் மெஷின் காட்டும் துடிப்போடு இரண்டு மூன்று எண்தான் வித்தியாசம். புல் வெட்டும்போது கை ஆடுகிற வேகத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வார் நாலாம் மாதம் பிய்ந்தது. விளம்பரத்தில் சர்க்கரையும் பார்க்கும் என்று ஒரு வரி இருந்தது, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது.

ஈப்போவில் இருக்கும் அத்தைக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறது, சில வருஷத்தில் பேட்டரி தீர்ந்தால் திரும்ப அறுக்க வேண்டும். அதற்கு உடம்புச் சூடு போதாதா என்று அப்பா கேட்டார். அங்கேயும் இதே சிக்கல்தான், உள்ளே எந்தப் பக்கம் பார்த்தாலும் 37 டிகிரி. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் சூட்டை விட்டு அசைவைப் பிடிக்கிறார்கள். 2014-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு குழு, கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தின் உள்ளுறுப்பைப் பன்றியின் இதயத்தில் தைத்து, அந்தத் துடிப்பிலேயே பேஸ்மேக்கரை ஓட்டிக் காட்டியது. மனிதருக்கு இப்போதே வைக்கிற ஒன்றும் இருக்கிறது: நுரையீரல் தமனியில் அழுத்தம் பார்க்கும் கார்டியோமெம்ஸ் என்ற உணரி, எஃப்டிஏ அனுமதி 2014-ல் கிடைத்தது. அதில் பேட்டரியே இல்லை, வெளியிலிருந்து ரேடியோ அலை கொடுத்துத்தான் படிக்கிறார்கள். “அப்ப அதுக்கும் ஒருத்தர் ஐஸ் கிளாஸ் புடிக்கணும்” என்று அப்பா முடித்துவிட்டார்.

கடிகாரம் இப்போது தங்கை கையில் இருக்கிறது. அவள் ஈப்போவில் ஏர்கோன் ஆபீசில் வேலை செய்கிறாள், ஒருநாள்கூட நின்றதில்லையாம், ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன் என்கிறாள். நான் இரண்டுதான் கொடுப்பேன். அப்பாவுக்குப் பழைய வாட்சையே தூசி தட்டிக் கொடுத்தோம். சார்ஜரைச் சாமி மேடைப் பக்கத்து பிளக்கில் சொருகி வைத்திருக்கிறார் அம்மா, சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது அப்பா கையிலிருந்து கழற்றி அவரே மாட்டிவிடுகிறார்.