மன்செல் மண் நிறப் புத்தகம்: குழிக்குள் இறங்குமுன் வாங்க வேண்டியது
தோண்டிய குழியில் இறங்கி மண்ணை ஆராயும் அமெரிக்கக் கல்லூரிகளின் மண் மதிப்பீட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். இதன் பக்கங்களில் நிறச் சில்லுகளும் அவற்றுக்கு அருகே துளைகளும் இருக்கும். குழிச் சுவரிலிருந்து ஒரு சிறு கட்டியை உடைத்து, லேசாக ஈரமாக்கி, புத்தகப் பக்கத்திலுள்ள துளைக்குப் பின்னால் பிடித்தால், எந்த நிறச் சில்லோடு ஒத்துப்போகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அதன் குறியீட்டை 10ஒய்ஆர் 4/2 என்பதுபோல எழுதிக்கொள்ளலாம்: 10ஒய்ஆர் என்பது மஞ்சள்-சிவப்பு நிறவகை, 4 வெளிர்வு, 2 நிறச் செறிவு. அந்தக் கடைசி எண் 2 அல்லது அதற்குக் கீழே வந்து, சாம்பல் திட்டுத் திட்டாகவும் இருந்தால் பெரும்பாலும் அங்கே தண்ணீர் நெடுநாள் தேங்குகிறது, மண்ணில் நீர் எப்படி வடிகிறது என்று கணிக்க இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. நிழலில் பார்க்காதீர்கள், கூலிங் கிளாஸையும் கழற்றிவிடுங்கள். விலை அதிகம்தான், சரி, குழுவுக்கு ஒன்று போதும். சேற்றுக் கை மட்டும் சில்லில் படவே கூடாது. அப்புறம், மணலா களியா என்பதை இது சொல்லாது. அதற்கு ஈர மண்ணை விரலிடையில் நாடாவாக நீட்டித்தான் பார்க்க வேண்டும்.