பேட்டி எடுக்க ஓர் அமைதியான அறை: வளசரவாக்கத்தில் மூன்று வருட அனுபவம்

பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களின் பேச்சை வீடியோவாகப் பதிவு செய்துவருகிறேன். மில் மூடியது 1996-இல். அன்று நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள். விட்டால் கேட்க ஆள் இருக்காது என்கிற பதைப்பில் தொடங்கிய வேலை இது.

முதல் ஆறு மாதம் அவரவர் வீட்டிலேயே எடுத்தேன். ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி. குக்கர் விசில், குட்டியானையில் வெங்காயம் விற்கிற ஒலிபெருக்கி, பக்கத்து மனையில் போர் போடும் இயந்திரம். ஒரு பெரியவர் தன் தாத்தா 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல இடத்தில் தெருமுனை அம்மன் கோவில் குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. ஆடி மாதம். மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னார். முதல் தடவை வந்த குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் ஸ்டுடியோ தேடுவது என்று முடிவு செய்தேன்.

கோடம்பாக்கத்தில் பார்த்த முதல் இடம் படத்தில் அழகாக இருந்தது. சுவர் முழுக்கக் கருப்பு ஸ்பாஞ்ச். கதவைச் சாத்திய பிறகும் பஸ் ஹாரன் அப்படியே கேட்டது. ஸ்பாஞ்ச் அறைக்குள் நாம் பேசுகிற குரல் எதிரொலிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும்: கனமான சுவர், இடைவெளி, ரப்பர் வைத்த கதவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. நந்தம்பாக்கம் பக்கம் பார்த்த இடத்தை விமானங்கள் கெடுத்தன.

வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளடங்கிய தெருவில் கிடைத்தது இப்போதைய அறை. டப்பிங்குக்காகக் கட்டியது. அறைக்குள் இன்னொரு அறை மாதிரி: வெளியே செங்கல் சுவர், நடுவே ராக்வூல் என்கிற கல் இழைப் பஞ்சு அடைத்த இடைவெளி, உள்ளே இரட்டை ஜிப்சம் போர்டு. இரண்டு கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். பார்க்கப் போனது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. நான் பேட்டி எடுக்கிற நேரம் அதுதான். ஏசி போட்டுப் பத்து நிமிடம், நிறுத்திப் பத்து நிமிடம் வெறும் அறையையே பதிவு செய்து, வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். ஃபோன் செயலி 30 டெசிபலை ஒட்டிக் காட்டியது. அது துல்லியமான கருவி இல்லை. ஆனால் அதே ஃபோன் என் வீட்டுக் கூடத்தில் 50-க்குக் கீழே இறங்கியதே இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் அனுமதிப்பது 55 டெசிபல். சாதாரணப் பேச்சே 60 சுமார்தான். ஆக எல்லோரும் சட்டப்படி நடந்தாலும்கூட நம் தெரு பேட்டிக்குப் போதாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மெட்ரோ வேலை ஆற்காடு சாலையில் தீவிரமாக நடந்த மாதங்களில், காதுக்குத் தெரியாத ஓர் அதிர்வு தரை வழியாக ஏறி மைக் ஸ்டாண்டுக்கு வந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டு, ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிச் சமாளித்தோம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மாடித் தகரக் கூரைச் சத்தம் உள்ளே இறங்குகிறது. அந்த இரண்டு மாதம் முன்பதிவு செய்வதையே விட்டுவிட்டேன். ஏசி முதல் வருடம் ஓசையில்லாமல் ஓடியது, பிறகு முனக ஆரம்பித்தது. இப்போது முன்கூட்டியே அறையைக் குளிரவைத்து, கேமரா ஓடும்போது நிறுத்திவிடுகிறோம். விளக்குச் சூட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் வயதானவர்களை உட்காரவைக்க முடியாது. இடைவேளை விட்டு மோர் கொடுக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் அங்கேயே போகிறேன் என்றால், ஒரு காலைப்பொழுதுதான் காரணம். முப்பது வருடம் தறி ஓட்டியவர் அவர், காது மந்தம். எப்போதும் உரக்கத்தான் பேசுவார். இரண்டாவது கதவும் சாத்தியதும் சுற்றிப் பார்த்தார். "இன்னா தம்பி, காது அட்ச்சிக்கின மாதிரி கீது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் கேள்வி கேட்கவில்லை. அப்புறம், அவர் வீட்டில் நான் கேட்டே இராத ஒரு தணிந்த குரலில், மில் மூடிய பிறகும் விடியற்காலையில் சங்கு ஊதும் என்று எழுந்து உட்கார்ந்திருந்த நாட்களைச் சொன்னார். மூச்சு இழுப்பதுகூடக் காலர் மைக்கில் விழுந்திருக்கிறது. அதைத் தெருச் சத்தத்தோடு சேர்த்து எடுத்திருந்தால் அவரும் கத்தித்தான் சொல்லியிருப்பார். அறையின் அமைதி பதிவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பேசுபவருக்கும் அது வேண்டியிருக்கிறது.

வாடகை மணிக்கு 1,200 ரூபாய். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து தர மாட்டார்கள். ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கிற வெறும் ஒலி, எடுக்கும் அரை நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் காசு. இருந்தாலும் அதை ஒரு நாளும் விடுவதில்லை.

எனக்குத் தீராத குறை ஒன்றே ஒன்று. அறை இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. தறி ஓட்டிய அந்தப் பெரியவரின் மனைவியும் மில் காலத்தைப் பேசச் சம்மதித்திருக்கிறார். முழங்கால் தேய்ந்துபோனவர். இதே அமைதியோடு தரைத்தளத்தில் ஓர் அறை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நாற்காலியில் வைத்துத் தூக்குகிறோம் என்றால் அவர் வர மறுக்கிறார்.