உதவித்தொகையில் சென்னை வாழ்க்கை: மேன்ஷனா, பிஜியா, பள்ளிக்குப் பக்கத்தில் பங்கு வீடா?

டிகிரி முடித்த கையோடு, டீச் ஃபார் இந்தியா போன்ற இரண்டாண்டு கற்பித்தல் ஃபெல்லோஷிப்பிலோ ஏதாவது தொண்டு நிறுவனத்தின் முழுநேரத் தன்னார்வப் பணியிலோ சேர்ந்து சென்னைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். சாயங்காலம் ஏழரை மணிக்கு வியாசர்பாடியில் ஒரு மாணவியின் வீட்டிலிருந்து கிளம்பினால் எத்தனை மணிக்கு அறைக்குப் போய்ச் சேரலாம் என்று யாரும் கேட்பதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு கேள்வியே போதும்.

இந்த வேலை பள்ளி மணி அடித்ததும் முடிவதில்லை. பெற்றோர் சுமை தூக்கும் வேலைக்கும், வீட்டு வேலைக்கும், ஹவுஸ்கீப்பிங்குக்கும் போய்விட்டு ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். பையன் ஏன் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை என்று தெரிய வேண்டுமானால் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். காலையில் எட்டரைக்கு வகுப்பறையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் தூக்கம், சமையல், மறுநாள் பாடத் திட்டம் எல்லாம் அடங்க வேண்டும்.

பள்ளி வடசென்னையில், வியாசர்பாடிப் பக்கம் கிடைத்திருக்கிறது என்றும், கையில் வரும் உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம்: சாப்பாட்டோடு பகிர்ந்த அறை தரும் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதி, ஆண்களுக்கு அறை வாடகைக்கு விடும் மேன்ஷன், சேர்ந்து எடுக்கும் பங்கு வீடு. இங்கே வரும் வாடகைகள் தோராயமானவை. தெருவுக்குத் தெரு மாறும்.

வேளச்சேரி பிஜி

கல்லூரி நண்பர்கள் ஐடி வேலையில் சேர்ந்து அங்கே இருப்பார்கள். அதனால் பலரும் யோசிக்காமல் எடுக்கும் முடிவு இது. மூன்று பேர் பகிரும் அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு சுமார் 8,500. முன்பணம் ஒரு மாத வாடகைதான். பெட்டியோடு போனால் அன்றே படுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் சாப்பாட்டில் தொடங்குகிறது. காலை டிபன் ஏழரைக்கு மேல்தான் வரும். நீங்கள் ஏழு மணி ரயிலுக்கு ஆறே முக்காலுக்கே கிளம்பியாக வேண்டும். மதியம் பள்ளியில் இருப்பீர்கள். டப்பா கட்டித் தரும் பிஜிக்கள் குறைவு. ஆக, காசு கொடுத்த மூன்று வேளையில் இரண்டு வேளை வெளியில் சாப்பிடுவீர்கள். 22 வேலை நாளுக்கு டிபன் 50, மதியம் 70 என்று போட்டாலே 2,640 ஆகிறது. பயணத்துக்கு ஆயிரம், நேரமாகிவிட்ட நாட்களில் ஆட்டோவுக்கு 600. மொத்தம் 12,740.

நேரக் கணக்கு இன்னும் மோசம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி பூங்கா நகரில் இறங்க வேண்டும். சாலையைக் கடந்து சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் நடைமேடைக்கு நடக்க வேண்டும். அங்கே அரக்கோணம் வழி லோக்கலில் ஏறினால் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிறுத்தம் வியாசர்பாடி ஜீவா. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். மாதத்துக்கு 66 மணி நேரம் ரயிலிலும் நடைமேடையிலும் கழியும். இப்படி வாழ்கிறவர்கள் முதலில் கைவிடுவது வீட்டுச் சந்திப்புகளைத்தான். வகுப்பு கைநழுவத் தொடங்குவதும் அங்கிருந்துதான். பெண்கள் விடுதி என்றால் இரவு ஒன்பதரைக்கோ பத்துக்கோ கேட் பூட்டப்படும் என்பதால் அவசரம் இன்னும் கூடுதல்.

ஆனால் பள்ளி தெற்கே, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுப் பகுதிகளில் கிடைத்தால் இதே பிஜிதான் முதல் தேர்வு. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம், காரப்பாக்கம் பக்கம் எடுத்தால் பயணம் இன்னும் குறையும். அப்போது காலை டிபனும் வீணாகாது.

பணம் கட்டும் முன் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். குளியலறை வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். மெத்தையின் தையல் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. குழாய்த் தண்ணீரை வாயில் வைத்து உப்பா என்று பாருங்கள். வெளியேற எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், முன்பணத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பெண்கள் விடுதி எதுவானாலும், தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். காட்ட மறுக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் பாதுகாப்பிலும் சுத்தத்திலும் நல்ல தேர்வு. தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று அவை பெரும்பாலும் தெற்குப் பக்கம் இருப்பதால் வடசென்னைப் பள்ளிக்கு ஒத்துவராது. விண்ணப்பிக்கிறவர்கள் ஃபெல்லோஷிப் கடிதத்தைப் பணிச் சான்றாக ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்

ஆண்களுக்கு மட்டுமான வழி. இரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு 4,500 அளவில் அறை கிடைக்கும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், நடைக்கூடத்தின் கடைசியில் பொதுக் குளியலறை. தரகர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ‘பேச்சிலருக்கு வீடு இல்லை’ என்ற பேச்சும் இல்லை. ஊருக்குப் புதியவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பேட்டை இது. வேலை தேடி வந்த பல தலைமுறைகளைத் தாங்கிய இடம்.

திருவல்லிக்கேணி நிலையத்திலிருந்து சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை தாண்டினால் பூங்கா நகர். அதன்பின் அதே மூர் மார்க்கெட் லோக்கல். முக்கால் மணி நேரத்தில் பள்ளி வாசலில் நிற்கலாம். இரவு ஒன்பதுக்குத் திரும்பினாலும் சாப்பிட மெஸ் திறந்திருக்கும்.

குறை, சமைக்க முடியாது என்பதுதான். இண்டக்‌ஷன் அடுப்பை ஒளித்து வைத்துப் பயன்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. பழைய வயரிங்கில் மாடி முழுக்க ஃபியூஸ் போகும். அன்றோடு அறை போகும். மூன்று வேளையும் வெளியில் என்றால் நாளுக்கு 190 ரூபாய், மாதத்துக்கு 5,700. அறை, பயணம், துணி துவைப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 11,800. மாதக் கடைசியில் அம்மா உணவகம் கைகொடுக்கும். 2013-ல் தொடங்கியபோது வைத்த விலை: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பட்டதாரி என்ற கூச்சத்தில் அதைத் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் மாணவர்களின் அப்பாக்கள் சாப்பிடும் வரிசைதான் அது.

அறையில் இரண்டாவது மேசைக்கு இடமில்லாததால் விடைத்தாள் திருத்துவது கட்டிலில்தான் நடக்கும். இரண்டு ஆண்டுக்கு இது தாங்காது. இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெண்களுக்கு இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டுமானால் எழும்பூர், புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் பக்கத்து மகளிர் விடுதிகள். அங்கிருந்து வடசென்னைக்கு நேர் பஸ் உண்டு. 2021 மே முதல் மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பயணச் செலவும் இல்லை.

பள்ளிக்குப் பக்கத்தில் பங்கு வீடு

பெரம்பூர், ஜமாலியா, ஓட்டேரி, கொளத்தூர் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு சுமார் 15,000. மூன்று ஃபெல்லோக்கள் சேர்ந்தால் தலைக்கு 5,000. கரண்டுக்கு 500, கேன் தண்ணீருக்கு 200, கேஸுக்கு 300, மளிகை, காய்கறிக்கு 3,500, பயணத்துக்கு 300. மொத்தம் 9,800. பிஜியைவிட மாதம் 2,940 மிச்சம், பள்ளி இருபது நிமிடத் தூரம். மதியத்துக்கும் வீட்டிலிருந்தே டப்பா எடுத்துப் போகலாம்.

மாதக் கணக்கில் மலிவான இந்த வழிக்கு வாசலிலேயே பெரிய தொகை வேண்டும். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சென்னை வழக்கமோ ஆறு மாதம், பத்து மாதம் என்றுதான் பேச்சைத் தொடங்கும். மூன்று மாதமே என்றாலும் தலைக்கு 15,000. ஆறு மாதம் என்றால் 30,000. அப்பாவிடம் கேட்க முடியாத வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்தப் பணம் கிடையாது. வசதியுள்ளவர் குறைந்த செலவிலும், வசதியில்லாதவர் அதிகச் செலவிலும் வாழ வேண்டியிருக்கிற இந்த அநியாயத்தைத் தொண்டு நிறுவனங்கள் முன்பணக் கடன் கொடுத்தே தீர்த்துவிடலாம். கொடுப்பார்களா என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

வீடு தேடும்போது மூன்று பேரும் ஒன்றாக, நிறுவனத்தின் கடிதத்தோடு போங்கள். ‘பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை’ என்று சொன்ன உரிமையாளர்கூட, இன்ன பள்ளியில் பாடம் நடத்தப் போகிறோம் என்றால் உட்கார வைத்துப் பேசுவார். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியும், அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வியும் வரும். பொய் சொல்லி வீடு பிடித்தால் பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்வரை அடுப்படியில் ஒளிந்து வாழ வேண்டிவரும். அடுத்த வீட்டைப் பாருங்கள். கேஸுக்கு முகவரிச் சான்று இல்லாவிட்டால் ஐந்து கிலோ சிறிய சிலிண்டரை அடையாள அட்டை காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம். கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் போடும் கணக்கா என்று கேளுங்கள்.

பெரும்பாலான சண்டைகள் முன்பணத்தில்தான் வருகின்றன. ஆறாவது மாதத்தில் ஒருவர் ஃபெல்லோஷிப்பை விட்டுப் போவார். அவர் பங்கை யார் கொடுப்பது? மூவர் பெயரிலும் ஒப்பந்தம் போடுங்கள். கூடவே தனித் தாளில் இதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்: போகிறவர் ஒரு மாதம் முன் சொல்ல வேண்டும், தன் இடத்துக்கு ஆள் தேடித் தர வேண்டும், வருகிறவர் முன்பணப் பங்கைப் போகிறவரிடமே கொடுக்க வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பழக்கம். குடிபோகும் நாளில் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிட்டால் பேரம் பேச முடியும்.

தரைத்தளம் எடுக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையில் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். கனமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் வியாசர்பாடிக்குப் பஸ் சுற்றிப் போகும். அந்த நாட்களில் ரயில் பாதைக்கு அருகில் இருப்பவர்தான் வகுப்புக்கு வந்து சேர்வார்.

வியாசர்பாடியிலேயே, மாணவர்கள் வசிக்கும் தெருவிலேயே குடியேறுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ‘மிஸ், வாங்க டீ சாப்பிடலாம்’ என்று ஒரு அம்மா கூப்பிடுவார். அந்த உறவு விலைமதிப்பில்லாதது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கும் ஒரு இடம் வேண்டியிருக்கும் முதல் ஆண்டில், ஒரு ரயில் நிலையம் தள்ளி பெரம்பூரில் இருப்பது நல்லது.

சித்தப்பா வீடு

அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ உறவினர் வீடு இருந்தால் ஊரில் உள்ளவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியை மூன்று வாரம் வரை நீட்டலாம். அதற்கு மேல் இரவு எட்டு மணிக்குத் திரும்புவதற்கு ஒவ்வொரு நாளும் காரணம் சொல்ல வேண்டிவரும். ‘சம்பளம் இல்லாத வேலைக்கா இவ்வளவு படிச்சே?’ என்ற கேள்விக்கும் சாப்பாட்டுத் தட்டின் முன் பதில் சொல்ல வேண்டிவரும்.

எதை எப்போது

எந்தப் பள்ளி என்பது பல நேரங்களில் பயிற்சி முடியும் தறுவாயில்தான் தெரியவரும். அதற்கு முன் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதல் இரண்டு மாதம் மேன்ஷன் அல்லது எழும்பூர் பக்கத்து மகளிர் விடுதி. அந்த இரண்டு மாதத்தில் மிச்சம் பிடிப்பதை முன்பணத்துக்கு ஒதுக்கலாம். பள்ளி உறுதியானதும் உடன் பணிபுரிகிறவர்களோடு பங்கு வீடு. வார இறுதியில் மட்டும் தன்னார்வம் செய்து வாரநாளில் வேறு வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஞாயிறன்று ரயில் ஏறினால் போதும்.

வீட்டை முடிவு செய்யும் முன் வழியை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஒரு வேலை நாளில், இரவு ஏழரைக்குப் பள்ளி வாசலிலிருந்து பார்த்து வைத்திருக்கும் வீடுவரை பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள். ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த வீடு வேண்டாம்.