முதல் கூடார இரவு: மலையா, கடலா, அணைக்கரையா?

எங்கள் குடும்பத்தில் கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் என் அண்ணி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச வேண்டுமென்றால் விடியுமுன் கொல்லையில் விறகடுப்பு மூட்டத் தயங்காதவர். அப்படிப்பட்டவர், பிள்ளைகள் இருவரும் மாறி மாறிக் கெஞ்சியும், ஓர் இரவுகூட வெளியே படுக்க மாட்டேன் என்கிறார். பாம்பு, குரங்கு, குளிர் என்று அவர் அடுக்கிய காரணங்களை நான் வெகுநாள் அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார்: "வீட்டில் செய்கிற அதே சமையலை, குழாய் ஐம்பது அடி தள்ளி இருக்கிற இடத்தில் குனிந்துகொண்டு செய்வதற்கு விடுமுறை என்றா பெயர்?" அந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்துத்தான் டர்பனிலிருந்து குடும்பங்கள் வழக்கமாகப் போகும் இடங்களை இங்கே எடை போடுகிறேன். எந்த இடம் அழகானது என்பது இரண்டாவது கேள்வி. வர மறுப்பவர்மீது எந்த இடம் குறைவாகச் சுமை ஏற்றுகிறது என்பதே முதல் கேள்வி.

தயக்கத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அதைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. 1860 நவம்பர் 16ஆம் நாள் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல், கரும்புத் தோட்டங்களின் பேரக்ஸ் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் தகரக் கூரைக்கடியில் படுத்து எழுந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். பூட்டுள்ள கதவும் காய்ந்த தரையும் கிடைக்கப் பாடுபட்ட ஒரு குடும்பத்தில், காசு கொடுத்துத் தரையில் படுக்கப் போகிறோம் என்றால் பாட்டிமார் சிரிக்கத்தான் செய்வார்கள். அதோடு, பொது வசதிகளை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. வெள்ளையர் வீடுகளில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேரும் கேன்வாஸ் கூடாரமும், எந்த மரத்தடியில் காற்று அடங்கும் என்ற அறிவும் எங்களுக்கு அந்த வழியில் வரவில்லை. ஆகவே, "இது நம்ம ஆட்களுக்கு ஒத்துவராது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒத்துவருமா என்று பார்க்கும் வாய்ப்பே பல காலம் மறுக்கப்பட்டிருந்தது.

மலை

கூடாரம் போட்டுப் பழகியவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் டிராகன்ஸ்பெர்க் மலையைச் சொல்வார்கள். அதிலும் ராயல் நேட்டல் தேசியப் பூங்காவின் மஹாய் முகாமை முதலில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் மிகையில்லை. காலையில் கூடாரத்தின் ஜிப்பை இறக்கியதும் ஆம்ஃபிதியேட்டர் என்னும் பாறைச் சுவர் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு எதிரே நிற்கும். அதன் உச்சியிலிருந்து துகேலா அருவி படிப்படியாக 900 மீட்டருக்கும் மேல் விழுகிறது. முகாமை ஒட்டி மஹாய் ஆறு ஓடுகிறது. காஸ்கேட்ஸ் வரை செல்லும் நடைபாதையில் சிறு பிள்ளைகளும் முனகாமல் நடப்பார்கள். நான் பார்த்த முகாம்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

ஆயினும் முதல் இரவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டர்பனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்ட வேண்டும். இரவு 11 மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், அண்ணிக்கு மனம் ஒடிந்தாலும், திரும்பிப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடைக்காலத்தில் பிற்பகல் இடிமழை அங்கே அன்றாட நடப்பு. குளிர்காலத்தில் மழை இராது, ஆனால் விடியற்காலையில் கூடாரத்தின் மேல்விரிப்பில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வேறு சூடாகவும் வறட்சியாகவும் வீசும்; அப்போது காட்டுத்தீ அபாயம் மிகுதி. பபூன் குரங்குகளுக்கு ரொட்டி மூட்டையைப் பிரிப்பதில் நம்மைவிடக் கைத்திறன் அதிகம். இவையெல்லாம் பழகியவருக்குச் சுவை சேர்ப்பவை. முதல்முறை வருபவருக்கு, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்ல வைப்பவை.

அதே பூங்காவிலுள்ள தெண்டெலே முகாமில் சாலே எனப்படும் விடுதி வீடுகளைப் பிடித்து, மலையை முதலில் காட்டிவிட்டு அடுத்த முறை கூடாரத்துக்கு அழைக்கலாமே என்று என் அண்ணன் சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சாலேயில் தங்கியவர் அடுத்த முறையும் சாலேயைத்தான் கேட்பார். அது இயல்பு.

கடல்

வடக்குக் கரையில் இரண்டு இடங்கள் பேச்சில் அடிபடுகின்றன. செயின்ட் லூசியா, 1999இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ நிலப்பரப்பின் வாயிலில் உள்ளது. அங்கே இருட்டியபின் நீர்யானைகள் புல் மேய ஏரியிலிருந்து ஏறி ஊர்த் தெருவிலேயே நடமாடும். பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் கதை. இரவில் கழிப்பறைக்குப் போக டார்ச் அடித்து நான்கு பக்கமும் பார்த்து நடக்க வேண்டிய அண்ணிக்கோ அது கதையாகத் தோன்றாது. எங்கள் க்வாசுலு-நேட்டல் மாகாணத்தின் வடகோடி மலேரியாப் பகுதி என்பதால், அந்தப் பக்கம் போகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் ஒரு வேலையாகிவிடுகிறது. செயின்ட் லூசியா மூன்றாவது நான்காவது பயணத்துக்கு உரியது.

முதுன்சினியில் உள்ள உம்லலாசி அதைவிட நெருக்கம். என்2 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். சதுப்புநிலக் காடும், ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் இலைகளையுடைய ராஃபியா பனைகளும், அந்தப் பனைப்பழத்தைத் தின்ன வரும் அரிய கழுகும் அங்கே உண்டு. குளிர் ஒரு தொல்லையே இல்லை. இங்கே குளிர்காலமான ஜூலையில்கூட ஒரு போர்வை போதும். ஆனால் கோடையில் கடலோரக் கூடாரம் இட்லிப் பானை போலாகிவிடும். மணல் சோற்றிலும் படுக்கையிலும் ஏறும். மாலையானதும் கொசு வரும். உப்பங்கழியில் முதலை இருப்பதால் பிள்ளைகளை நீரோரம் தனியே விட முடியாது. மே முதல் ஆகஸ்டு வரை என்றால் நான் தலையசைப்பேன். டிசம்பர் விடுமுறை என்றால் வேண்டாம் என்பேன்.

அணைக்கரை

மிட்மார் அணையைச் சொன்னால் பழகியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில், என்3 சாலையை ஒட்டி, உம்கேனி ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம். புல்தரை, தண்ணீர், தொலைவில் மேடுகள், அவ்வளவுதான். பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் நீந்திக் கடக்கும் மிட்மார் மைல் போட்டி 1974 முதல் இங்கே நடக்கிறது. அந்த வாரத்தில் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. நீண்ட வார இறுதிகளில் மோட்டார் படகுச் சத்தமும், பக்கத்துக் கூடாரத்தின் பாட்டும் சேர்ந்து காதைத் துளைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், முதல் இரவுக்கு என் வாக்கு மிட்மாருக்கே. டர்பனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒத்துவரவில்லையென்றால் நள்ளிரவிலும் வீடு திரும்பலாம், திரும்பலாம் என்று தெரிந்திருப்பதாலேயே பலர் திரும்பாமல் இருந்துவிடுகிறார்கள். உப்போ தீப்பெட்டியோ மறந்துபோனால் பத்து நிமிடத்தில் ஹோவிக் கடைத்தெரு. பகலில் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை: 95 மீட்டர் உயர ஹோவிக் அருவி இருக்கிறது, மண்டேலா 1962 ஆகஸ்டு 5ஆம் நாள் கைதான சாலையோரமும் அருகில்தான். அங்கே நட்டுள்ள 50 எஃகுத் தூண்களும், குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் ஒன்றுசேர்ந்து அவர் முகமாகத் தெரிகின்றன. அந்த இடத்தைத் தேடிப் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தால் அரை நாள் போய்விடும். குளிரும் உண்டு, உறைபனி விழும் இரவுகளும் உண்டு. ஏப்ரலிலோ செப்டம்பரின் தொடக்கத்திலோ போனால் இரண்டிலிருந்தும் பெரும்பாலும் தப்பலாம். ஈஸ்டரை நான் சொல்லவில்லை. அந்த வாரத்தில் முகாம்கள் நிரம்பிவிடும். நமக்கும் மவுண்ட் எட்ஜ்கூம்பிலோ இசிபிங்கோவிலோ மாரியம்மன் திருவிழா இருக்கும்.

எங்கே போனாலும் கூடாரம் போடும் மனையைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரோர அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்லூஷன் என்று இங்கே எல்லோரும் சொல்லும் குளியலறைக் கட்டடத்துக்கு மிக அருகில் போட்டால் இரவெல்லாம் கதவு அடிக்கும் ஓசை; மிகத் தள்ளிப் போட்டால் இருட்டில் நடை. நாற்பது ஐம்பது தப்படி தள்ளி, சற்று மேடான இடமே நல்லது. பள்ளமான இடத்தில் புல் பசுமையாக இருந்தால் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது என்று பொருள்.

எந்தக் கூடாரம்?

இங்கேயும் மூன்று வழிகள் உண்டு. க்ரூகர் பூங்காவின் தாம்போட்டியைப் போல, கட்டில் போட்டு நிலையாக நிறுத்திய கூடாரங்களில் தங்குவது சுகம்தான். ஆனால் டர்பன்வாசிக்கு அது தொலைவு, செலவும் சாலேயைத் தொடும். கேன்வாஸ் கூடாரம் மூச்சுவிடும், காற்றுக்கு அசையாது, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதைத் தூக்க இருவர் வேண்டும், புதிதாக வாங்கினால் வீட்டுக் கொல்லையிலேயே ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டு, நூல் ஊறித் தையல் துளைகள் அடைபட்ட பிறகே கொண்டுபோக வேண்டும். பாலியஸ்டர் டோம் கூடாரம் மலிவு, இலகு, கால் மணி நேரத்தில் எழும்பும். வெயிலேறியதும் உள்ளே இருக்க முடியாது. ஓர் இரவுக்காகக் கேன்வாஸ் வாங்குவது கிறுக்குத்தனம். பழகிய உறவினரிடம் டோம் கூடாரத்தைக் கடன் வாங்குங்கள். நால்வர் கூடாரம் என்று பையில் போட்டிருந்தால், தோளோடு தோள் ஒட்டி நால்வர் படுக்கலாம் என்றே அர்த்தம். நான்கு பேருக்கு ஆறுபேர் கூடாரம் தேவை. அதைப் புறப்படுமுன் ஒருமுறை கொல்லையில் நிறுத்திப் பாருங்கள். ஒரு முளை குறைகிறது, கொட்டாப்புளியைக் காணோம் என்பதெல்லாம் அப்போது தெரியட்டும்.

படுக்கையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறுகிறது; காற்றடைத்த மெத்தையின் மேல் ஒரு கம்பளத்தை விரித்து, அதன்மேல் படுத்தால் பாதிக் குளிர் போய்விடும். அண்ணிக்கு அவருடைய சொந்தத் தலையணையையே எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே சூடேற்ற அடுப்பையோ கரித்தணலையோ கொண்டுபோவது கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

மற்ற சாமான்களுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெடிங் நம்மை இதற்கு ஏற்கெனவே பழக்கியிருக்கிறது. சார்ஜ் ஏற்றும் விளக்கு, காஸ் அடுப்பு, பவர் பேங்க் ஆகியவை இல்லாத வீடு இன்று டர்பனில் அரிது. 2023இல் மணிக்கணக்கில் மின்சாரமின்றிச் சமைத்துப் பரிமாறிய அண்ணிக்கு முகாம் வாழ்க்கை புதிது என்று யாரும் சொல்ல முடியாது. இதை நான் அவரிடம் சொன்னபோது, "அதனால்தான் வேண்டாம் என்கிறேன்" என்றார்.

சமையல்

ஆகவே கடைசி ஒப்பீடு அடுப்பைப் பற்றியது. பொய்க்கி என்னும் மூன்றுகால் இரும்புச் சட்டியில் மணிக்கணக்காக ஆட்டிறைச்சியைக் கொதிக்கவிடுவது, பிராய் என்னும் திறந்த கரியடுப்பில் இறைச்சி சுடுவது, வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போவது என்று மூன்று வழிகள். முதலாவது ஆண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, ஆனால் வெங்காயமும் மசாலாவும் அரிந்து தயார் செய்து கொடுப்பவர் யார் என்பதையும், பிறகு சட்டி தேய்ப்பவர் யார் என்பதையும் கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மூன்றாவதில் வேலை குறைவதில்லை, முந்தைய நாளுக்கு நகர்கிறது. முதல் இரவுக்குப் பிராய் போதும்: கரியை ஆண்கள் மூட்டட்டும், கடையில் வாங்கிய ரொட்டி, மறுநாள் காலை டின் மீன் சட்னி. பாத்திரம் கழுவும் முறையைப் புறப்படுமுன்பே பெயர் போட்டு எழுதிவிடுவது நல்லது; எங்கள் வீட்டில் அண்ணி பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. மிச்சத்தைக் காரில் பூட்டுங்கள். வெர்வெட் குரங்குக்குக் கூடாரத்தின் ஜிப் ஒரு பொருட்டல்ல.

புரட்டாசி பிறந்துவிட்டால் இறைச்சிக்கு இடமில்லை. செப்டம்பர் 24ஆம் நாள், பாரம்பரிய தின விடுமுறையில், நாடே பிராய் போடும்போது நாம் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் சுட்டுக்கொண்டிருப்போம். அதிலும் குறையொன்றுமில்லை, கழுவ வேண்டிய சட்டியும் குறையும். ஆனால் அண்ணனோ கறியில்லாமல் வரமாட்டார். அதனால் செப்டம்பர் முதல் வார இறுதிக்கு, மிட்மாரில், ஓர் இரவு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. அண்ணி இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறார்: காரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும், சாவி அவர் தலையணைக்கடியில் இருக்க வேண்டும்.