24 நிறப் பெட்டியா, நான்கு டியூப்களா?

நீர்வண்ணத்தில் நிலக்காட்சி தீட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 24 நிறப் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். நான் அதை ஒதுக்கிவிட்டு அல்ட்ராமரின் ப்ளூ, லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) என்ற நான்கு டியூப்களுக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போவதாக இல்லை.

பெட்டி இருந்தால் உடனே தீட்டலாம். டியூப்களுக்குக் கலக்கும் பொறுமை வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை மாற்றியது தொலைவு.

குன்னூர்ச் சரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அருகே தேயிலை, அப்பால் சோலைக்காடு, அதற்கும் பின்னால் அடுக்கடுக்காக மலைகள். மூன்றுக்கும் பெட்டியிலுள்ள சாப் கிரீன் என்ற மஞ்சள் கலந்த பச்சையைப் பூசினால், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அதன் மஞ்சள் சாயல் போகாது. தூரத்து மலையும் முன்னால் வந்து நின்றுவிடும். இடையிலுள்ள காற்று நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கிறது. ஆகவே தூரம் கூடக் கூட மஞ்சள் அடங்கி நீலம் ஏற வேண்டும், கருமை குறைய வேண்டும். பச்சையை நாமே கலந்தால் இது கைக்குள் வந்துவிடுகிறது. தேயிலைக்கு லெமன் எல்லோ தாராளமாக. சோலைக்கு ஓக்கரும் நீலமும். கடைசி மலைக்கு நீர்த்த அல்ட்ராமரினில் துளி சியன்னா. எல்லா அடுக்கிலும் ஒரே நீலம் ஓடுவதால் படம் துண்டு துண்டாகத் தெரியாது.

நிழலிலும் இப்படித்தான். பெட்டியின் கறுப்பு நிழலைச் சாகடிக்கிறது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பலோ உயிரோடு இருக்கும்: நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் வெதுவெதுப்பு. நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதால் ஈரத்தில் சற்றுத் தூக்கலாகவே பூசுங்கள்.

நான்கும் எல்லாவற்றுக்கும் போதாது. காகிதப்பூவின் நிறம் இவற்றில் பிறக்காது. அதற்குக் குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பு வேண்டாம். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். எண்ணெய் வண்ணத்தில் என் பழக்கம் குறைவு. அங்கே வெளிறச் செய்ய வெள்ளை சேர்ப்பார்கள் என்பதால் என் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டி வைத்திருப்பவர்கள் புதிதாகச் செலவழிக்கும் முன், அதிலேயே இந்த நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் ஒரு மலைக்காட்சியைத் தீட்டிவிட்டு, பிறகு டியூப் வாங்கலாம்.